வேதநாயகம் எழுதிய கட்டுரை

பாம்பன்காரி ஜெர்லினுக்குக் கணவாய் மீனின் மூளைதான் ஆராய்ச்சி. கணவாய்க்கு ஞாபகம் உண்டா, உண்டென்றால் அது மூளையில் எங்கே தங்குகிறது என்று வருடக்கணக்காகக் குடைந்துகொண்டிருக்கிறாள். மண்டபத்தில் அவள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் நிரந்தர விஞ்ஞானி இடம் ஒன்று காலியானது. ஆசை ஆசையாய் விண்ணப்பித்தாள். முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். அவளுடைய கட்டுரைகளை உலகத்தில் யாரும் பெரிதாக மேற்கோள் காட்டவில்லையாம்.

அநியாயம்தான். ஆனால் வம்பை விலைக்கு வாங்கியவளும் அவள்தான். நம்மில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? முதல் கட்டுரையை அனுப்பியபோது வெளிநாட்டுப் பத்திரிகை அதைக் கேட்டது; இவள் தன்னைப் பெற்ற அய்யாவின் பெயரைப் போட்டுவிட்டாள். ஜெ. வேதநாயகம் என்று அச்சாகி, அந்தக் கட்டுரை ஓகோவென்று போனது. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் ஏற, அடுத்தடுத்த கட்டுரைகளில் ஜெ. கிளாட்சன் ஆனாள். மேற்கோள்களை எண்ணுகிற கணினி இரண்டு பெயரையும் இரண்டு ஆளாக வைத்துக்கொண்டது; ஓகோவென்று போன கட்டுரை அவள் கணக்கில் வரவே இல்லை. வேதநாயகத்தின் முடிவைக் கிளாட்சன் என்ற இன்னொரு விஞ்ஞானியும் உறுதிசெய்கிறார் என்று ஜப்பானில் ஒருவர் எழுதியே விட்டார். இங்கே மாமனார் வேதநாயகம் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர், மருமகன் கிளாட்சன் படகு எஞ்சின் மெக்கானிக்.

வேதநாயகத்துக்கு மட்டும் இதில் கொண்டாட்டம். மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று, "ஏலே, ஜெர்மனிக்காரனே எம்பேரச் சொல்லித்தாம்லே எழுதுறான்" என்று மார்தட்டுவார். பாவம், அய்யாவின் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று ஜெர்லினும் விட்டுவிட்டாள்.

ஜெர்லின் போட்ட மேல்முறையீட்டை வீடியோவில் விசாரிப்பதாகத் தேர்வுக்குழு சொன்னது. அன்றைக்குப் பார்த்து அவள் வீட்டில் மின்தடை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அய்யா வீட்டுக்கு ஓடினாள்.

திரையில் குழுத் தலைவி மாலதி கேட்டார். "இந்தக் கட்டுரையை எழுதின வேதநாயகம் யாரும்மா?"

"அது எங்கய்யா பேரு மேடம். எழுதுனது நான்."

"அடுத்தவங்க கட்டுரையைத் தன்னோடதுன்னு காட்டுறவங்களை நிறையப் பாத்தாச்சும்மா" என்றார் பக்கத்தில் இருந்த உறுப்பினர், சலிப்போடு.

தன் பெயர் காதில் விழுந்ததும் அடுப்படியிலிருந்து வேதநாயகம் எட்டிப் பார்த்தார். யார் தடுத்தும் நிற்கிற ஆளா? சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நாந்தான் வேதநாயகம்."

ஜெர்லின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏலக்கடையில் அடிக்கிற தம்பட்டத்தை இங்கேயும் அடித்தால், வேலைக்கு அன்றோடு முழுக்குப் போட வேண்டியதுதான்.

"அய்யா, கணவாய் மூளை பத்தி எழுதினது நீங்களா?"

வேதநாயகம் மகளைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. ஏதோ புரிந்தது அவருக்கு.

"ஊருக்குள்ள நாம்பாட்டுக்குப் பீத்திக்கிட்டுத் திரிவேன். அது வேற. இதுல ஒத்த எழுத்து என்னுது இல்ல தாயி. அம்புட்டும் எம்மக எழுதுனது. பேரு மட்டுந்தான் நான் குடுத்தது."

அவரை அந்த நிமிடமே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது ஜெர்லினுக்கு.

மாலதி விடவில்லை. "இருக்கட்டும். போன வருஷம் நார்வேல ஒரு குழு இதை மறுத்திருக்கு. கணவாய்க்கு மறுநாள் வரைக்கும் ஞாபகம் நிக்காது, வேதநாயகம் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துட்டார்னு..."

"எவன் அவன்?" வேதநாயகத்தின் குரல் வாசல் வரை கேட்டது. "நான் என்னத்த அவசரப்பட்டேன்?"

ஜெர்லினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அய்யா, உங்களச் சொல்லல. என்னயச் சொல்லுறாய்ங்க. நீங்க அங்கன உக்காருங்க, நான் பேசிக்கிறேன்."

பேசினாள். நார்வேக்காரர்கள் குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சோதித்ததை விளக்கினாள். கணவாயின் உடம்பே மந்தமாகிவிடும் அந்தக் குளிரில், மறந்ததா, அசைய முடியாமல் கிடந்ததா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்டாள். பாதி அவர்கள் சொன்னதும் நியாயம்தான், முதலில் குறைந்த மீன்களை வைத்துத்தான் முடிவு சொன்னேன், கிளாட்சன் என்ற பெயரில் வந்தது அந்தக் குறையை நானே திருத்தி எழுதியது என்றாள். சலித்துக்கொண்ட உறுப்பினர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போதும்மா. ரெண்டு பேர்ல இருக்கிறதையும் உங்க கணக்குலயே சேத்துக்கிறோம். அடுத்த சுற்றுக்கு வாங்க" என்றார் மாலதி.

அதற்குப் பிறகும் ஜெர்லின் பேச்சை நிறுத்துவதாக இல்லை. இத்தனை வருடம் வேதநாயகம் என்ற யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்த கேள்வி, இப்போதுதான் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.