முத்தத்துக்கு முன்னால்

ஊருக்கெல்லாம் கேக் செய்கிறவர் வீட்டில் போய்ச் சர்க்கரை வியாதி உட்கார்ந்துகொண்டது. அவருக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, எட்டு வயது மகளுக்கு வந்தது. பேக்கரியில் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் அவர், அழுதுகொண்டே ஊசி போடப் பழகினார். அவருக்குப் பழகாதது ஒன்றுதான். சில நாளாக, சாயங்காலம் அவள் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு எகிறி நின்றது.

சாப்பாடும் ஊசியும் சரியாக இருக்கும்போது எப்படி ஏறும்? திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். பெரிய துப்பறியும் புலி என்று நினைப்பு. நேரடியாகக் கேட்டால் பிள்ளை மனசு நோகுமாம். அதனால் பள்ளிக்கூட வாசலில் அவளைத் தூக்கி முத்தம் கொடுக்கிற சாக்கில், தினமும் வாயை முகர்ந்து பார்த்தார். கேக் வெந்த பதத்தை மூக்காலேயே சொல்கிற ஆள். ஒரு நாளும் ஒன்றும் அகப்படவில்லை. அப்போதாவது விட்டாரா? கள்ளி, வாய் கொப்பளித்துவிட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு, நர்ஸம்மாவிடம் மெதுவாகத் தன் சந்தேகத்தைச் சொன்னார்.

"வளர்ற புள்ளங்க. சளி புடிச்சாலும் ஏறும், எதுக்காவது பயந்தாலும் ஏறும். மருந்து அளவ டாக்டர் மாத்தித் தருவாரு. அவ மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் நர்ஸம்மா.

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, நாம் மோப்பம் பிடித்தது குழந்தைக்குத் தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் குனிந்து கையை நீட்டினார். அவள் ஓரடி தள்ளி நின்று, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறந்து காட்டினாள். எதுக்குடி இப்படி நிக்கிற என்று தோழி கேட்டாள்.

"எங்கப்பா மோந்து பாப்பாரு. அதுக்கப்புறம்தான் முத்தம்."

கோபமாகச் சொல்லவில்லை. கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.

மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சுற்றி நின்ற மற்ற பெற்றோர்கள் காதில் விழுந்ததைப் பற்றிக்கூட அவருக்குக் கவலையில்லை. இத்தனை நாளும் இவள் எல்லாம் தெரிந்தேதான் கன்னத்தை நீட்டியிருக்கிறாள். அதை நினைக்க நினைக்கக் கூசியது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். துணிச்சல் வரவில்லை, பொய்தான் வந்தது.

"அப்பாவுக்கு சளிம்மா. மூக்கு அடைச்சிருக்கு, வாசனையே தெரியல."

மகள் வாயை மூடிக்கொண்டாள். அவர் மூக்கை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்போ இன்னிக்கு முத்தம் இல்லியாப்பா?"