எல்லைக்கல்லுக்குப் பத்தடி முன்னால்

மலாவி அதிகாரிகளும் மொசாம்பிக் அதிகாரிகளும் மூன்று நாள் பேசி ஒரு விதி எழுதியிருந்தார்கள். ஒரு நாட்டு டிரைவர் மறுநாட்டு மண்ணில் ரயில் ஓட்டக்கூடாது. எல்லைக்கல்லில் வண்டியை நிறுத்தி டிரைவர் மாறவேண்டும்.

மலாவி டிரைவர் ப்வானலிக்கு இது பொறுக்கவில்லை. பேனா பிடிக்கிற கைக்கு மேடு பள்ளம் தெரியுமா? மலாவிப் பக்கத்து நயூச்சி நிலையத்தை விட்டால் கல் வரைக்கும் ஏற்றம், கல்லுக்கு அப்பாலும் ஏற்றம். பாரவண்டி அங்கே நின்றால் மறுபடி கிளம்பாது. பிரேக் விட்டால் பின்னால் உருண்டு நயூச்சிக்குள்ளேயே பாயும். பாய்ந்தால், எழுதியவனா ஜெயிலுக்குப் போவான்? இருபத்தாறு வருஷம் ஒரு பெட்டியும் தடம் புரளாமல் ஓட்டிய ப்வானலிதான் போகவேண்டும்.

கூட்டத்துக்கே போய்ச் சொல்லிப் பார்த்தார். மலாவிச் செயலர் ம்சிஸ்கா சிரித்தார்.

"பெரியவரே, நீங்க வண்டிய ஓட்டுங்க. எல்லைய நாங்க பாத்துக்குறோம்."

"சரிங்கய்யா. நீங்க சொன்ன எடத்துலயே நிறுத்துறேன்."

கையெழுத்துக்கு முன் ஒரு வெள்ளோட்டம் வைத்தார்கள். முன்பெட்டியில் இரு நாட்டு அதிகாரிகள், பின்னால் பதினெட்டு உர வேகன்கள். விருந்தும் கையெழுத்தும் மேலே, மொசாம்பிக் நிலையத்தில். கல்லுக்குப் பத்தடி முன்னால் ப்வானலி பிரேக் போட்டார்.

கல்லுக்கு அந்தப் பக்கம் மொசாம்பிக் டிரைவர் அமிஸ் காத்திருந்தார். அவரை இறக்கிவிட்ட எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"என்னண்ணே, பத்தடி பாக்கி வச்சிட்டீங்க?"

"கண்ணு மங்கிப்போச்சு தம்பி."

"உங்களுக்கா? நெத்திலியில முள்ளு எண்ணுற கண்ணாச்சே!"

ம்சிஸ்கா சன்னலில் தலையை நீட்டினார். "கொஞ்சம் முன்னால ஏத்துங்க பெரியவரே!"

ப்வானலி ஏற்றினார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி அலறியது. பிடிப்புக்குத் தண்டவாளத்தில் மணல் கொட்டியும் ஒரு சாண் நகரவில்லை.

அதிகாரிகள் இறங்கி வெயிலில் நின்றார்கள். மேலே விருந்துக் கோழி ஆறிக்கொண்டிருந்தது. மொசாம்பிக் குழுத் தலைவர் டாக்டர் மக்காமோ கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "அமிஸ், உன் எஞ்சினக் கொண்டாந்து மாட்டி இழு."

"பத்தடி அவங்க மண்ணுல ஓட்டணுமேங்கய்யா. விதி விடுமா?"

மக்காமோ ம்சிஸ்காவைப் பார்த்தார். ம்சிஸ்கா கல்லைப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டும் போகட்டும்," என்றார் மக்காமோ.

"நாளைக்கு இதே எடத்துல நான் நிப்பேன். நீங்க இருக்கமாட்டீங்க," என்றார் ப்வானலி. பிரேக்கை இறுக்கிவிட்டு, அதை விடுவிக்கும் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பேப்பர எடுங்க."

"என்ன பெரியவரே, மிரட்டுறீங்களா?"

"நானா? ஏத்தம்தான் மிரட்டுது. கூட்டத்துலயே சொன்னேன்."

ம்சிஸ்கா பெட்டியில் ஏறி ஒப்பந்தத்தை எடுத்துவந்தார். அப்புறம் காகிதத்தை எஞ்சின் படியிலேயே விரித்தார்கள். பழைய விதியை அடித்தார்கள். எந்த நாட்டு டிரைவரானாலும் எல்லை தாண்டி அடுத்த சமதள நிலையம் வரை ஓட்டலாம், அங்கேதான் மாறவேண்டும் என்று எழுதினார்கள். படித்துக் காட்டியபோது ப்வானலி கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க வேணாம். அமிஸ் படிக்கட்டும்."

அமிஸ் இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கா?"

"இருக்குண்ணே."

"அடிச்ச எடத்துலயும்?"

"அங்கயும் இருக்கு."

ப்வானலி பையிலிருந்து கைப்பிடியை எடுத்தார்.

"அப்ப வா தம்பி. எங்க நாட்டுக்குள்ள வந்து கொக்கிய மாட்டு."