பேசலாம், பாடக் கூடாது

"நாள் முழுக்க ஏறி இறங்கிட்டுதானே இருக்கேன், டாக்டர்? இன்னும் என்ன உடற்பயிற்சி?"

"ஏறி இறங்குறது லிஃப்ட்டுங்க. நீங்க ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கீங்க."

மூன்று வாரமாகியும் அந்தப் பேச்சு லிஃப்ட்காரரின் காதை விட்டுப் போகவில்லை. நூற்றைம்பத்தெட்டுக்கு நூறு என்று காட்டிய பிரஷர் கருவியைக்கூட மன்னித்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து வாய்பொத்திச் சிரித்தாளே மனைவி, அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

மாத்திரையோடு தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும் என்றார் டாக்டர். எவ்வளவு வேகம்? நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. அடுத்த மாதமும் பிரஷர் இறங்காவிட்டால் இரண்டாவது மாத்திரை.

மதிய இடைவேளையில் கட்டடத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். பேசத்தான் ஆளில்லை. தனக்குத்தானே பேசிப் பார்த்தார். "இது மூணாவது சுத்து. மூச்சு வாங்குதா? வாங்கலை."

"அண்ணே, யாரோட சண்டை?" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் காவலாளி. "சொல்லுங்க, நானும் வரேன்!"

அத்தோடு நடை நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை ஆரம்பமானது. மறுநாளும் அதே கதைதான்.

அதே கட்டடத்தின் நான்காம் மாடித் தையற்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு ஜன்னல் வழியாக எல்லாம் தெரியும். கணவரின் லிஃப்ட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் படியேறிப் போகிறவள் அவள். வீட்டிலிருந்து வேலைக்கு வருவதும் நடந்துதான், சரியாக அரைமணி நேரம்.

"இன்னிக்கு பெஞ்சு எத்தனை சுத்து நடந்துச்சு?" என்றாள் சாயங்காலம்.

அவளிடம் அவர் சொல்ல வேண்டிய ஒன்று இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது. கல்யாணமான புதிதில், சேர்ந்து நடக்கலாமா என்று கேட்டவளிடம், "பஸ் இருக்கறப்போ எவனாவது நடப்பானா?" என்று ஜம்பமாகச் சொன்னவர் அவர். அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. தினமும் காலையில் முனை திரும்பும்போது அவர் போகும் பஸ் அவளைத் தாண்டும். கைப்பையை வீசிக்கொண்டு, தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி போவாள். இறங்கிவிடலாமா என்று அவருக்குக் கால் பரபரக்கும். வீறாப்பு விடாது.

மறுநாள் காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, புது கான்வாஸ் ஷூவோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"பஸ்ஸுல உட்காரவா இவ்வளவு ஜோடனை?"

"டாக்டர் சொன்னாரில்ல, பேசிக்கிட்டே நடக்கணும்னு."

"அதுக்குத்தான் உங்க பெஞ்சு சிநேகிதர் இருக்காரே!"

"அவர் வேணாம்."

குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். முகம் தெரியாதபோது சொல்வது சுலபமாக இருந்தது.

"நானும் உன்கூட நடந்து வரட்டுமா?"