சாயம் ஏற்றும் அறை

விடிவதற்குள் ஆய்வகத்தின் முதல் மாதிரித் தட்டு தயாராக வேண்டும். மங்கிய விளக்கொளியில் நாங்கள் ஐந்து பேரும் மேசைகளில் குனிந்திருந்தோம். வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறிவிடும் என்பதால் அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. "வௌவாலுக்கு வாக்கப்பட்ட மாதிரி ஆச்சு" என்பார் எங்களில் மூத்தவரான பெரியக்கா.

நோயாளியின் டி.என்.ஏ.வுக்குச் சிவப்புச் சாயம், ஒப்பிட்டுப் பார்க்கும் ஆரோக்கியமான டி.என்.ஏ.வுக்குப் பச்சை. இரண்டையும் கலந்து கண்ணாடிச் சில்லில் விட்டால், குரோமோசோமில் எந்தத் துண்டு குறைந்திருக்கிறது, எது கூடியிருக்கிறது என்று கருவி காட்டிவிடும். துளித்துளியாய் அளந்து விடும் பிப்பெட்டை அழுத்தி அழுத்தி எங்கள் கட்டைவிரல்கள் மரத்துப்போயிருந்தன.

முன்பெல்லாம் ஒருவர் மாதிரிக் குழாயின் எண்ணை வாசிக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று சரிபார்ப்பார். மாதிரிகள் இரட்டிப்பானதும் முதலாளி அதை நிறுத்தினார். "ஒரு வேலைக்கு ரெண்டு பேரா?"

நான்கு மாதம் ஓடியது. ஒரு குழந்தை வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மறுபடி சோதித்தார்கள். குரோமோசோமில் துண்டு குறைந்திருந்தது. முதல் சோதனையில் குழாய் இன்னொரு குழந்தையுடையதோடு மாறி, 'குறையில்லை' என்று அறிக்கை போயிருந்தது. அதை நம்பி மருந்தே தொடங்கவில்லை.

முதல் சோதனை நடந்த நாளின் ஏட்டில் பெரியக்காவின் எழுத்து இருந்தது. முதலாளி அவரைக் கூப்பிட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம். அவர் ஒரு தாளை நீட்டினார்.

"உன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. கையெழுத்தப் போட்டுட்டு வேலையிலிருந்து நின்னுக்கோம்மா. மேல கேஸ் எதுவும் வராம நான் பாத்துக்கறேன்."

பெரியக்கா பேனாவை எடுத்தார். "தப்பு என் கையில நடந்ததுதானே."

"கை உங்களோடதுதான்க்கா. பக்கத்துல நின்னு பாக்க வேண்டிய கண்ணு எங்க போச்சு?" என்றேன் நான்.

"நீ யாரு நடுவுல?"

"அடுத்த மேசைக்காரி. அன்னைக்கு நானும் தனியாத்தான் சாயம் ஏத்தினேன் சார். எத்தனை மாறிச்சோ, எனக்கே தெரியாது. அந்த நாலு மாசத்து மாதிரி அத்தனையும் திரும்பப் பாக்கணும்."

"வெளிய தெரிஞ்சா ஆய்வகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். உங்க சோத்துல நீங்களே மண்ணப் போட்டுக்கறீங்களா?"

எங்களில் நெட்டையன் அதிர்ந்து பேசாதவன். "சரிபாக்க ஆள் நிக்காம இனி சாயப் பெட்டியத் தொட மாட்டோம் சார்" என்றான்.

"நாளைக்கே புது ஆள் எடுப்பேன்."

"எடுங்க. அவங்ககிட்டயும் இதையேதான் சொல்வோம்" என்றான் நெட்டையன்.

பெரியக்கா பேனாவை மேசையில் வைத்தார். "அந்தக் குழந்தையோட அப்பா ரெண்டு நாளா வரவேற்பறையில உக்காந்திருக்காரு. யாரும் வாயத் திறக்கல. நான் போய்ச் சொல்லப் போறேன்."

"போனா திரும்பி உள்ள வராதே" என்றார் முதலாளி.

பெரியக்கா நடந்தார். அவரைத் தனியே விட எங்களுக்கு மனமில்லை.

வெள்ளை அங்கியில் ஐந்து பேரைச் சேர்த்துப் பார்த்ததும் அந்த மனிதர் பதறி எழுந்தார். பெரியக்கா அவரை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க பிள்ளையோட குழாய் என் கையிலதாங்க மாறிச்சு."

அந்த மனிதர் திட்டினார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்கள் யாரும் நகரவில்லை. எப்படி மாறியது என்பதை, சரிபார்ப்பதை நிறுத்தியதிலிருந்து அக்காவோடு சேர்ந்து நாங்களும் எடுத்துச் சொன்னோம்.

முழுக்கக் கேட்டபின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை எழுதித் தருவீங்களா?"

"தருவோம்" என்றோம், ஐந்து பேரும்.