தண்ணீர்க் கடிகாரத்துக்கு ஐந்து கையெழுத்து

தண்ணீரின் வயதை அளக்கும் கருவிக்கான சுங்கவரி விலக்குப் படிவத்தில் நீரியல் துறைப் பேராசிரியை முதல் கையெழுத்தைப் போட்டது, அவர் இறந்து நான்கு மாதமும் ஒன்பது நாளும் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. வாசல் காவலாளி வழக்கம்போல வருகைப் பதிவேட்டை நீட்டினார். பேராசிரியை பெயரை எழுதி, நேரத்தை எழுதி, 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் 'கையெழுத்து' என்று எழுதினார். ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கிதான் போட்டிருந்தார். செருப்பு ஓரத்தில் மட்டும் ஈர மண் ஒட்டியிருந்தது. மாடியில், மூன்று மேசையும் ஒரு மின்விசிறியும் உள்ள இறக்குமதிப் பிரிவில், தட்டச்சுக்காரம்மா எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். எழுத்தர் படிவத்தைத் திருப்பி வைத்து விரலால் இடத்தைக் காட்டினார். "இங்கயா?" என்றார் பேராசிரியை. "ஆமா மேடம்" என்றார் எழுத்தர். கையெழுத்து விழுந்தது. கருவி வந்திறங்கிய பெட்டி எங்கே இருக்கிறது என்று பேராசிரியை கேட்டார். துறைமுகக் கிடங்கில், ஏழாம் கொட்டகையில் என்று எழுத்தர் சொன்னார். "நனையாம பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியை படியிறங்கிப் போனார். மை மட்டும் காயவே இல்லை. மின்விசிறிக்கு அடியில் வைத்தும் சாயங்காலம்வரை ஈரமாகவே இருந்தது.

இதில் அலுவலகத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் விதி அப்படி. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக வெளிநாட்டிலிருந்து வரும் கருவிக்கு வரி கிடையாது. ஆனால் அதைக் கேட்டு விண்ணப்பித்த ஆய்வாளர், இறக்குமதிப் பிரிவு எழுத்தரின் முன்னிலையில், தம் கையால் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். கருவி நிறுவப்படுமுன் ஆய்வாளர் மாறினால் அனுமதி செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. கருவியின் விலையில் பாதிக்கு மேல் வரி வரும். நீரியல் துறையை விற்றாலும் அதைக் கட்ட முடியாது. கையெழுத்து தேவைப்பட்டது, கையெழுத்துப் போட வேண்டியவர் வந்தார், அவ்வளவுதான் என்று தட்டச்சுக்காரம்மா தன் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னார்.

எழுத்தர்தான் பேராசிரியையின் கணவர். வளாகத்தில் அவருக்குக் 'கமா' என்று பட்டப்பெயர். எங்கே கமா போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்பதற்காக அவர் துணைவேந்தரையே ஒரு முறை வாசலில் நிறுத்தி வைத்ததாகப் பேச்சு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அனுப்பிய ஒரு படிவம்கூடச் சுங்க அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. பேராசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன நீரோட்டமானிக்காகக் கொடுத்த விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை தாமே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் கல்யாணம். பேராசிரியை ஒரு எழுத்தரைக் கட்டிக்கொண்டாரே என்று இரண்டு பக்கத்து உறவும் முணுமுணுத்து, பிள்ளை இல்லை என்றதும் கொஞ்சம் உரக்கவே முணுமுணுத்து, பிறகு ஓய்ந்து போனது. வீட்டில் அவர் மனைவியை 'நீ' என்பார், அலுவலகத்தில் 'மேடம்' என்பார். பத்தொன்பது வருடத்தில் இந்த இரண்டும் ஒரு தடவைகூட இடம் மாறியதில்லை.

பேராசிரியை அந்தக் கருவிக்காக ஆறு வருடம் மன்றாடியிருந்தார். அதன் முழுப் பெயர் நிறை நிறமாலைமானி. வாயில் நுழையாத பெயர் என்பதால் மாணவர்கள் அதைத் தண்ணீர்க் கடிகாரம் என்றார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கொடுத்தால் அதில் உள்ள அணுக்களைத் தரம் பிரித்து எண்ணும். அதை வைத்து, அந்தத் தண்ணீர் மழையாக விழுந்து எத்தனை வருடமாயிற்று என்று கணக்கிட்டுச் சொல்லலாம். குடிநீர் வாரியம் வடக்குப் புறத்தில் நாற்பது ஆழ்கிணறு தோண்டத் திட்டமிட்டிருந்தது. அடியில் இருப்பது போன வருடத்து மழை என்றால் தோண்டலாம். ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன் விழுந்த மழை என்றால், எடுக்க எடுக்கத் தீர்ந்துவிடும், திரும்ப ஊறாது. இரண்டு வருடம் பொறுத்துக்கொள்கிறோம், அதற்குள் சொல்லுங்கள் என்று வாரியம் எழுதித் தந்திருந்தது. பேராசிரியையும் அவருடைய மூத்த மாணவியும் கிணறு கிணறாக இறங்கி நானூற்றுப் பன்னிரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து, ரப்பர் மூடி போட்டு அடைத்து, ஆய்வுக்கூடத்து நடைவழியில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பேராசிரியையின் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் கண்ணைத் திறந்து பேசினார். ஆபத்து நீங்கிவிட்டது என்றார் மருத்துவர். அன்றைக்கு வேதியியல் துறையின் தராசு ஒன்று துறைமுகத்தில் காத்துக்கொண்டிருந்தது, அன்றே கடைசி நாள். எழுத்தர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தயங்கினார். "போய்ட்டு வாங்க, நான் எங்க போயிடப் போறேன்" என்றார் மனைவி. எழுத்தர் கிடங்கு வரிசையில் மூன்று மணி நேரம் நின்று தராசை விடுவித்துக்கொண்டு ஐந்து மணிக்குத் திரும்பியபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதல் படிவம் மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. பெட்டியின் எடை நானூற்று முப்பது கிலோ; எழுத்தர் முந்நூற்று நாற்பது என்று அடித்திருந்தார். அது தெரியாமல் நேர்ந்த பிழை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் பிழை. அவமானத்தில் அன்று முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. புதுப் படிவம் அடித்து மேசையில் வைத்தார். இரண்டு நாளில், மதியம் ஒரு மணிக்கு, பேராசிரியை மறுபடி வந்தார். அங்கி கொஞ்சம் நைந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, கணவரின் சட்டைக் காலரைக் காட்டி, "பித்தான் போயிருக்கு" என்றார். எழுத்தர் அந்தப் பித்தான் இல்லாத காலரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. படிவம் திரும்பி வந்தால் அவளும் வருவாள்.

கையெழுத்தின் ஈரம் காயும்வரை காத்திருந்து, காய்ந்ததும், துறைமுகத்தின் பெயரில் ஒரு எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அனுப்பினார். மூன்றரை மாதத்தில் திரும்பி வந்தது. மூன்றாவது முறை பேராசிரியை வந்தது இரண்டே முக்கால் மணிக்கு. அன்று கையெழுத்தான படிவத்தில் தேதி ஒரு நாள் முன்னதாக இருந்தது. அதுவும் திரும்பியது, நான்காவது முறை பேராசிரியை வரும்போது மணி நாலு. அந்தப் படிவத்தில் கருவியின் வரிசை எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி அனுப்பினார், அதுவும் திரும்பியது. வருகை ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்கூட இருக்காது. பேச்சும் பெரிதாக ஒன்றும் இல்லை. கூரை ஒழுகுகிறதா, உங்க இருமல் எப்படி இருக்கு, இப்படித்தான். ஒருமுறை அவர் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் பேனாவோடு வைத்து, எதிர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஞாயிறு முழுக்கக் காத்திருந்து பார்த்தார். வரவில்லை. விதியில் அலுவலகம் என்றுதான் இருந்தது. அந்த ஐந்து நிமிடங்களுக்காக எழுத்தர் தினமும் முகம் மழித்துக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டையோடு வேலைக்கு வந்தார். கமாவுக்கு வயசு குறைகிறதோ என்று கணக்குப் பிரிவில் சிரித்தார்கள்.

மூத்த மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வயது கடந்தவர், ஆய்வேடு பாதியில் நின்றது. மாதம் ஒருமுறை துறைமுகத்துக்குப் போய் ஏழாம் கொட்டகையில் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள். நீலமாக இருந்தால் உள்ளே ஈரம் ஏறவில்லை என்று அர்த்தம். "பாதிக்கு மேல ரோஸ் ஆயிடுச்சு சார்" என்று ஒருநாள் வந்து சொன்னார். "பாட்டில் மூடியும் வெடிக்க ஆரம்பிச்சிருக்கு. முப்பத்தாறு போச்சு. அதுல பல கிணத்த மூடிட்டாங்க, நான் திரும்பப் போய் எடுக்கவும் முடியாது." எழுத்தர் கோப்பின் நாடாவை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "சுங்கத்துல கொஞ்சம் கண்டிப்பா இருக்காங்கம்மா" என்றார். இரவில் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆனாலும் ஐந்தாவது படிவத்தை அடிக்கும்போது, தயாரித்த கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டுத்தான் அடித்தார்.

ஐந்தாவது முறை பேராசிரியை வந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். தட்டச்சுக்காரம்மா பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார். அங்கியின் விளிம்பு கிழிந்து நூல் தொங்கியது, முழங்கால்வரை மண். மூச்சு வாங்கியது. உட்கார்ந்ததும் பேனாவை எடுக்காமல் படிவத்தைக் கையில் எடுத்தார். கணவர் அடித்த எதையும் அவர் அதுவரை படித்துப் பார்த்ததே கிடையாது; எங்கே என்று கேட்டுப் போட்டுவிடுவதுதான் வழக்கம். இப்போது விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கம்பெனி பெயரில் விரல் நின்றது.

"இது தெரியாம விட்டதா?"

எழுத்தர் கோப்பின் நாடாவைப் பிடித்து இழுத்தார்.

"இதோட எத்தனை?"

"நாலு. முதல்ல வந்தது நிஜமாவே தப்பு."

பேராசிரியை படிவத்தை மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வர்றது சுலபம்னு நினைச்சீங்களா?" என்றார். "முதல் தடவ விடிகாலைல கிளம்பினேன், பதினொண்ணுக்கு வந்துட்டேன். இந்தத் தடவ கிளம்பி பதினாறு நாள் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் வழி கூடிட்டே போகுது. கூப்பிட்டா வராம இருக்க முடியல."

அவள் வரும் நேரம் தள்ளித் தள்ளிப் போனதை எழுத்தர் கவனிக்காமல் இல்லை. திரும்பிப் போக மனமில்லாமல், அலுவலகம் காலியாகும் நேரமாகப் பார்த்து அவளும் நேரம் கடத்தி வருகிறாள் என்று அதற்கு அவராக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய்த் தட்டச்சுக்காரம்மாவின் இடத்தில் உட்கார்ந்து, புதுத் தாளைச் செருகினார். இரண்டு வரி அடித்திருப்பார்.

"மெதுவா அடிக்காதீங்க" என்றார் பேராசிரியை.

எழுத்தர் தம் வழக்கமான வேகத்துக்கு வந்தார். எடை, துறைமுகம், தேதி, வரிசை எண், கம்பெனி பெயர், ஒவ்வொன்றாகச் சரியாக விழுந்தன. கடைசி வரிக்கு முன் கை நின்றது. "அன்னைக்கு நான் கிடங்குல நின்னுட்டிருந்தேன்" என்றார், இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே. "வரிசை நகரவே இல்ல. நீ தேடியிருப்ப." அலுவலகத்தில் அவர் மனைவியை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் தேடினேன்" என்றார் பேராசிரியை. "அந்தத் தராசு வந்துச்சா?"

"வந்துச்சு. நல்லா வேல செய்யுது."

"நல்லது."

தாளை உருவி, விரலால் இடத்தைக் காட்டினார் எழுத்தர். கையெழுத்து முதலில் போட்டதில் பாதி அளவுதான் இருந்தது, ஆனால் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. பேராசிரியை அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை கூடப் போனார் எழுத்தர். பதிவேட்டில் வெளியேறிய நேரத்தைக் குறித்துவிட்டு, பூங்கா பக்கம் திரும்பும் வழியாக, பேருந்துக்குப் போகிறவர்களோடு பேராசிரியை நடந்து போனார். இருட்டும்வரை எழுத்தர் அங்கேயே நின்றார். பிறகு மாடியேறி வந்து பார்த்தால், மை காய்ந்திருந்தது.

ஆறு வாரத்தில் ஒப்புதல் வந்தது. பெட்டியைத் திறந்தபோது இரண்டு இணைப்புகள் துருவேறியிருந்தன. தேய்த்துச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. மீதமிருந்த முந்நூற்று அறுபத்தோரு பாட்டிலையும் மூத்த மாணவி ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தார். வடக்குப் புறத்து ஆழத் தண்ணீருக்குப் பதினோராயிரம் வயது என்று வந்தது. வாரியம் கொடுத்த கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அறிக்கை போனது. நாற்பது கிணறுகளும் கைவிடப்பட்டன, கிழக்கே ஏரிப் பக்கம் குழாய் போட முடிவானது. மூடி வெடித்துப்போன ஐம்பத்தொரு பாட்டில்களில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. எழுத்தர் அந்தக் காலிப் பாட்டில்களைத் தாமே கழுவிக் கொடுத்தார். தாம் செய்ததை மூத்த மாணவியிடம் நின்றவாக்கில் சொன்னார். மூத்த மாணவி கழுவிய பாட்டில்களை அடுக்கி முடித்துவிட்டு, "மேடம் எப்படி இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

வரி இல்லாமல் வந்த கருவியை ஆராய்ச்சிக்குத்தான் பயன்படுத்துகிறோம் என்று ஐந்து வருடத்துக்கு ஆண்டுதோறும் பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வருடத்துக்கு ஒரு கையெழுத்து. யாரும் எழுத்தரைக் குறை சொல்லப்போவதில்லை, இது பிழையும் அல்ல, விதி. அந்தப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்து ஒரு முற்பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வேறொரு படிவத்தை எடுத்தார். கருவி நிறுவப்பட்டபின் பொறுப்பாளரை மாற்றலாம். விலகுபவர் கையெழுத்து அதற்குத் தேவையில்லை. புதிய பொறுப்பாளர் என்ற இடத்தில் மூத்த மாணவியின் பெயரை அடித்தார். விலகும் காரணம் என்ற இடத்தில் 'இறப்பு' என்று அடித்தார். அந்தச் சொல்லை அவர் அதற்குமுன் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. அதற்கான தேதியையும் அடித்தார்.

சுங்க அலுவலகத்து மதிப்பீட்டாளர் தலை நிமிராத மனிதர். கோப்பைப் புரட்டி, இறப்புத் தேதியைப் பார்த்தார். பின்னால் போய் ஐந்து கையெழுத்தின் தேதிகளையும் பார்த்தார். திரும்ப முன்னால் வந்தார். எழுத்தர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் அதுக்கப்புறம் போட்டது" என்றார் மதிப்பீட்டாளர்.

"ஆமாங்க."

"நேர்ல வந்தாங்களா?"

"அஞ்சு தடவையும் நேர்லதான் வந்தாங்க. என் முன்னாடிதான் போட்டாங்க."

"அப்ப சரி" என்று சொல்லி, மதிப்பீட்டாளர் முத்திரையைக் குத்திவிட்டு, அடுத்த கோப்புக்குக் கையை நீட்டினார்.