கியர் ஆயிலும் நாச்சிமுத்து வாசலும்

"பாவம், தனியா இருக்கீங்க" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாவது, ஒன்றாவது! குன்னூரில் ஒரு தேயிலை ஏல ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் டைப் அடித்தவள் நான். ஜெகதளாவுக்குக் கீழே சரிவில் நானே கட்டிய வீடு. ஜூடித் வீடு என்றால் தபால்காரருக்கே தெரியும். சின்ன வயதில் வாதம் வந்து சூம்பிய இடது கால் கிளட்ச் மிதிக்காது என்பதால் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். கடையும் சர்ச்சும் ஆஸ்பத்திரியும் மேலே இருக்கின்றன. அந்தக் கார் ஏறும்வரை எனக்கு யார் தயவும் வேண்டாம்.

போன மாதம் அது ஏற்றத்தில் முரண்டு பிடித்தது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகன் சில்வஸ்டருக்கு உள்ளூரச் சந்தோஷம். வண்டியை விற்றுத் தள்ளிவிட்டு இங்கே வந்துவிடுங்கள் அத்தை, மாடி ரூம் சும்மாதான் கிடக்கிறது என்றான். சும்மா கிடக்கிற ரூமில் நானும் போய்ச் சும்மா கிடக்கவா? ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ஏறாவிட்டால் வருகிறேன் என்று கோபத்தில் வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

வந்து பார்த்த மெக்கானிக், கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்று உதட்டைப் பிதுக்கினார். நான் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். கியர் ஆயிலை மாற்ற வேண்டிய காலம் எப்போதோ தாண்டியிருந்தது. அதைக்கூட மாற்றிப் பார்க்காமல் தோற்பதா? ஆயிலை வரவழைத்தேன். சனிக்கிழமை காலை சக்கரங்களுக்குக் கல் வைத்து, பழைய கம்பளியை விரித்து, வண்டிக்கு அடியில் நுழைந்தேன். அறுபத்தொரு வயதில் அப்படி நுழைவது எவ்வளவு பெரிய கூத்து என்று பார்க்க ஆளில்லாதது நல்லதாயிற்று.

அடியில் இருந்த நட்டைத் திருகியதும் கீழே வைத்திருந்த பேசினில் ஆயில் கொட்டியது. சிவப்பாக இருக்க வேண்டியது டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தது. வெளியே வரும்போது என் பாழாய்ப்போன கால் இடித்து பேசின் கவிழ்ந்துவிட்டது. வடிந்த அளவுக்குப் புதிதாக ஊற்றலாம் என்றிருந்தேன், அந்தக் கணக்குப் போயிற்று. இனி ஆயில் மட்டம் காட்டும் அளவுக்கம்பியை நம்ப வேண்டியதுதான். நட்டை இறுக்கி, புனலில் கொஞ்சம் கொஞ்சமாகப் புது ஆயில் ஊற்றினேன். எஞ்சினைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை எல்லா இடத்துக்கும் ஒரு முறை தள்ளி எடுத்து, கம்பியை உருவிப் பார்த்தேன். மேல்கோடு வரை நனைந்திருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு கிளம்பினேன். முதல் வளைவிலேயே வண்டி பழையபடி கத்திக்கொண்டு நின்றுவிட்டது.

பின்னாலேயே உருட்டி வந்து வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். நிமிர்ந்தபோதுதான், கவிழ்ந்த ஆயில் கோடு போட்ட மாதிரி கேட் வரைக்கும் ஓடியிருப்பதைப் பார்த்தேன். சமமான வாசலில் ஆயில் ஏன் ஓடுகிறது? முப்பது வருஷமாகச் சமம் என்று நினைத்த என் வாசல் சாய்ந்து கிடக்கிறது! சரிவிலேயே வாழ்ந்தால் கண்ணும் சரிவுக்குப் பழகிவிடுகிறது. வண்டி சாய்ந்து நின்றால் கம்பி சரியான அளவைக் காட்டாது, சமதரையில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது.

எங்கள் சரிவில் சமதரை ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு. பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவின் வாசல். குந்தா பவர் ஹவுஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஒன்பது வருஷத்துக்கு முன் மண்ணை வெட்டி, தடுப்புச்சுவர் எழுப்பி, அதைச் சமமாக்கினார். சுவர் என் பக்கம் ஒரு அடி வந்துவிட்டது என்றேன், இல்லை என்றார். செத்தாலும் உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தவள், அவர் மனைவி இறந்தபோதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை.

மாடி ரூமை நினைத்துக்கொண்டு, வீம்பை விழுங்கிவிட்டு அவர் கேட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. வாசலெல்லாம் பாசி. தோட்டத்தில் இலை பறித்துவிட்டு வந்துகொண்டிருந்த ராக்கம்மா நின்றாள்.

"அவருங்களா? மக வந்து திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயி நாலு மாசம் ஆச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. நாலு மாதமாகக் காலி வீட்டோடு நான் கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்வது ராக்கம்மாதான், சாவி அவள் மடியிலேயே இருந்தது. திறந்துகொண்டே சொன்னாள்: "போகையில ஒண்ணு சொல்லிட்டுப் போனாருங்க. காலைல தோட்டத்துக்குப் போகும்போது உங்க சமையக்கட்டுல லைட்டு எரியுதான்னு பாக்கோணுமாம். எரியலைன்னா கதவைத் தட்டோணுமாம். இத்தன வருசமும் அவரே பாத்துக்கிட்டு இருந்தாருங்களாமா."

நான் வண்டியை எடுக்கத் திரும்பினேன்.

இறக்கமான வழி என்பதால் வண்டி தானாக உருண்டு அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தது. மறுபடி சூடாக்கி, கியரைத் தள்ளி எடுத்து, கம்பியைப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரற்கடை கீழே இருந்தது ஆயில். அரை லிட்டருக்கு மேல் ஊற்றிய பிறகுதான் அளவு சரியாயிற்று. அங்கிருந்து கிளம்பினேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மேல் ரோடு வரை வண்டி மூச்சுவிடாமல் ஏறியது. சில்வஸ்டரை அழைத்து, வண்டி ஏறிவிட்டது, நான் வரவில்லை என்றேன். சரிங்க அத்தை என்று வைத்துவிட்டான். ஜெயித்தாயிற்று, ஆனால் அதைச் சொல்ல வேறு யாருமில்லை.

ராக்கம்மாவிடம் நம்பர் வாங்கி நாச்சிமுத்துவை அழைத்தேன். நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"அம்மிணிங்களா? ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

என் நம்பரை அவர் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"ஒண்ணுமில்லைங்க. வண்டிக்கு ஆயில் பார்க்க உங்க வாசலுக்கு வந்தேன். நல்லா சமமா இருக்கு."



"அந்தச் செவுரு ஒரு அடி உங்க பக்கந்தானுங்க அம்மிணி. எனக்கு அப்பவே தெரியும்."

ஒன்பது வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது.

"செவுரு இருந்துட்டுப் போகுது. நீங்க எப்ப மேல வர்றீங்க?" என்று கேட்டேன்.

"இனி எங்கீங்க அம்மிணி வர்றது" என்றார்.