வசீலி திருத்திய நாவல்

வெள்ளிக்கிழமை காலை நாலாம் வகுப்புப் பொடிசுகள் முன்னால் நின்று, தனக்குப் பிடித்த நாவலை அவர்களும் படிக்கும்படி நஸ்தாசியா பரிந்துரைக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் அந்த வேலை உண்டு. அவள் எடுத்தது, பனிக்காட்டில் வழிதவறிய ஒருவன் பிழைத்து வருகிற கதை. ஐந்து தடவை படித்துவிட்டாள். ஏன் படிக்கமாட்டாள்? அவள் அப்பா வசீலியும் போன வருஷம் பனிவண்டி பழுதாகி, குஸ்கோக்விம் ஆற்றுக்கு அப்பால் நாலு நாள் தனியாக நடந்து, இரண்டு கால்விரல்களைப் பறிகொடுத்துத் திரும்பியவர். அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று ஊரே கேட்டுப் பார்த்துவிட்டது. மனுஷன் மூச்சு விடவில்லை. தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

வியாழன் சாயங்காலம் அவர் மீன்வலையைப் பிரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து அவள் உரக்க வாசித்து ஒத்திகை பார்த்தாள்.

"தாகம் தாங்காமல் அவன் பனியை அள்ளி அள்ளித் தின்றான்."

"தப்பு," என்றார் வசீலி.

"என்னப்பா தப்பு?"

"பனியத் தின்னா உடம்புச் சூடெல்லாம் போயிரும். உருக்கித்தான் குடிக்கணும். எவன் எழுதினான் இத? வீட்டை விட்டு வெளிய வந்திருக்கவே மாட்டான்."

அவள் அடுத்த பக்கத்துக்குப் பாய்ந்தாள். கதாநாயகன் ஈரக் காலுறையோடு தூங்கிப்போனான்.

"போச்சு, காலு போச்சு. உறையக் கழட்டி வயித்தோட வச்சுக் காயவைக்கணும். மொத நாள் நான் அப்படித்தான் செஞ்சேன். ரெண்டாம் நாள் அசதியில விட்டுட்டேன். அதான் விரல் போச்சு."

நஸ்தாசியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காதது தானாக வந்து விழுகிறது. ஆனால் கொடுமையைப் பாருங்கள், அதற்குமேல் நாவலில் எதை வாசித்தாலும் அவர் தப்பு சொல்லவில்லை. கள்ளி, பக்கத்தைப் பார்த்தபடியே சொந்தமாக அவிழ்த்துவிட ஆரம்பித்தாள்.

"மூன்றாம் நாள் ஒரு நரியைக் கண்டு பயந்து ஓடினான்."

"நரியப் பாத்து யாருடி ஓடுவா? பேச ஒரு ஆள் கிடைச்சுதேன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நாலாம் நாள் அவனுக்கு வீட்டு நினைப்பே வரவில்லை."

ஊசி பிடித்த கை நின்றது.

"தப்பு. அன்னிக்கு வேற நெனப்பே இல்ல. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்னு தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்தேன். போதும்னு ஆயிருச்சு. அத யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

"அப்புறம் எப்படிப்பா எந்திரிச்சீங்க?"

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"இது புத்தகத்துல இல்லப்பா."

"தெரியும். நரி வந்தப்பவே தெரியும்." அவர் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளம்புற அன்னிக்கு, டப்பால இருந்த கடைசி பிஸ்கட்ட நீ தின்னுட்டன்னு உன்னத் திட்டிட்டுப் போனேன்ல. உனக்கும் எனக்கும் அதுவே கடைசிப் பேச்சா ஆயிடக் கூடாதுன்னு எந்திரிச்சேன்."

நஸ்தாசியாவுக்கு அப்படித் திட்டு வாங்கியது நினைவிலேயே இல்லை.